பழைய மரக் கோஸ்டரா, புதிய ஸ்டீல் கோஸ்டரா?

கேள்வி இதுதான். ஜூன் மாதம் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறீர்கள். பன்னிரண்டு வயது மகளோடு சீடர் பாயிண்ட் கேளிக்கைப் பூங்காவில் ஒரு நாள் கழிப்பதாகத் திட்டம். உங்கள் அத்தான், "மரத்துல கட்டின பழைய ரோலர் கோஸ்டர் பக்கமே போகாதே, முதுகு போயிடும். புதுசு நாலஞ்சுல ஏறினா போதும்" என்கிறார். பழையதில் நிஜமாகவே ஏதாவது இருக்கிறதா, இல்லை பழைய ஞாபகத்துக்காக வைத்திருக்கிறார்களா, பாதுகாப்பு எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பென்சில்வேனியாவில் பதினாறு வருடமாக இருக்கிறேன். மே முதல் அக்டோபர் வரை சனிக்கிழமைகளில் பாதி ஏதாவது ஒரு பூங்காவில்தான் கழியும். அதனால் பதில் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சுருக்கமான பதில். இரண்டிலும் ஏறுங்கள், ஆனால் பழையதில் முதலில் ஏறுங்கள். பழைய மரக் கோஸ்டரைப் புதிய ஸ்டீல் கோஸ்டரின் அரைகுறை முன்னோடி என்று நினைக்காதீர்கள். அது வேறு சாமான். மரக் கோஸ்டரில் சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருக்கும், உங்கள் மடிக்கும் மேலே வரும் கம்பிக்கும் நடுவே கொஞ்சம் இடம் இருக்கும். அந்த இடைவெளியில்தான் அதன் சுகம் முழுவதும் இருக்கிறது. புதிய கோஸ்டரில் அந்த இடைவெளிகளையெல்லாம் அடைத்துவிட்டு, பாதையின் வளைவிலேயே அனுபவத்தை வைத்துவிட்டார்கள். ஒன்றில் வண்டி உங்களைத் தூக்கிப் போடுகிறது, இன்னொன்றில் பாதை உங்களைத் தூக்கிக்கொண்டு போகிறது.

இனி விரிவாக.

கோஸ்டர் பிரியர்கள் எல்லோரும் தேடுவது ஒரே ஒரு விஷயத்தை. அதை ஏர்டைம் என்பார்கள். மேட்டின் உச்சியைத் தாண்டும்போது உடம்பு இருக்கையை விட்டு எழும்பும் அந்தக் கணம். நம் ஊரில் டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து, டிரைவர் வேகத்தடையைக் கவனிக்காமல் விட்டபோது தூக்கிப் போட்டிருக்கும் அல்லவா? அதுதான் ஏர்டைம். உயரம், வேகம், தலைகீழ் வளையம் எல்லாம் விளம்பரப் பலகைக்கு நன்றாக இருக்கும். நான் இறங்கி மறுபடி ஓடிப்போய் வரிசையில் நின்றதெல்லாம் ஏர்டைமுக்காகத்தான்.

இதில் பழையது எப்படி ஜெயிக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். பென்சில்வேனியாவில் எலிஸ்பர்க் என்ற சின்ன ஊரில் நோபல்ஸ் என்று ஒரு பூங்கா. அங்கே பீனிக்ஸ் என்ற மரக் கோஸ்டர் இருக்கிறது. 1947இல் டெக்சாஸின் சான் அன்டோனியோவில் ராக்கெட் என்ற பெயரில் கட்டியது. அந்தப் பூங்கா மூடிய பிறகு சும்மா நின்றதைப் பலகை பலகையாகப் பிரித்து, எண் போட்டு, லாரியில் ஏற்றி வந்து 1985இல் இங்கே மறுபடி நிறுத்தினார்கள். உயரம் 78 அடிதான், வேகம் மணிக்கு 72 கிலோமீட்டர்தான். நம் ஊர் நெடுஞ்சாலையில் பஸ்ஸே அதைவிட வேகமாகப் போகும்.

ஆனால் அதில் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பெஞ்சு. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கம்பி. அந்தக் கம்பிக்கு ஒரே ஒரு நிலைதான் உண்டு. கீழே வந்து ஓரிடத்தில் பூட்டிக்கொள்ளும், அதற்கு மேல் உங்கள் தொடையை அழுத்தாது. என் தொடைக்கும் கம்பிக்கும் நடுவே கையை நீட்டி விட்டால் தாராளமாகப் போய் வரும். கடைசிப் பாதியில் சின்னச் சின்ன மேடுகள் வரிசையாக வரும். ஒவ்வொன்றிலும் பெஞ்சை விட்டு முழுதாக எழும்பி, கம்பியில் தொடை முட்டி, மறுபடி பெஞ்சில் வந்து விழுவீர்கள். பக்கத்தில் இருப்பவரும் அப்படியே விழுவார். எழுபது வயது தாத்தா ஒருவர் தன் பேத்தியோடு இதில் நாலு தடவை அடுத்தடுத்து ஏறியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு மேட்டிலும் அவருடைய தொப்பியை அவரே ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொள்வார்.

இந்த இடைவெளி முதன்முதலில் எப்படிச் சாத்தியமாயிற்று என்பதுதான் மொத்த வரலாற்றிலும் எனக்குப் பிடித்த பகுதி. 1884இல் நியூயார்க்கின் கோனி ஐலண்டில் லாமார்கஸ் தாம்ஸன் ஒரு ஸ்விட்ச்பேக் ரயில்வே அமைத்தார். ஐந்து சென்ட் கட்டணம். மணிக்குப் பத்து கிலோமீட்டர்தான் வேகம். ஒரு கோபுரத்தில் படியேறிப் போய் உட்கார்ந்தால் வண்டி உருண்டு அடுத்த கோபுரத்துக்குப் போகும், அங்கே இறங்கி மறுபடி அதே கதை. அந்தக் காலத்து வண்டிகளில் கீழே ஓடும் சக்கரமும் பக்கவாட்டில் உராயும் சக்கரமும் மட்டும்தான். வண்டியைத் தண்டவாளத்தோடு பிடித்துவைக்க அடியில் எதுவும் கிடையாது. புவியீர்ப்பு ஒன்றுதான் பிடி. மேட்டை வேகமாகத் தாண்டினால் வண்டியே பறந்துவிடும், அதனால் வேகமாகத் தாண்டக் கூடாது.

அப்படிப்பட்ட ஒன்று இன்றைக்கும் மிச்சமிருக்கிறது. பென்சில்வேனியாவின் அல்டூனாவில் 1902இல் கட்டிய லீப் த டிப்ஸ். 41 அடி உயரம், அடியில் பிடிக்கும் சக்கரம் கிடையாது. இப்போது உலகில் நிற்பவற்றில் மிகப் பழையது அதுதான். மெல்போர்னின் லூனா பார்க்கில் 1912இல் கட்டிய சீனிக் ரயில்வேயில் இன்னொரு பழைய வழக்கத்தைப் பார்க்கலாம். வண்டியின் நடுவில் ஓர் ஆள் நின்றுகொண்டே வருவார், பிரேக் அவர் கையில். கோபன்ஹேகன் டிவோலி பூங்காவில் 1914ஆம் ஆண்டு கோஸ்டரிலும் இதே ஏற்பாடுதான். தேருக்கு முட்டுக்கட்டை போடுபவர் போல, எந்த இறக்கத்தில் எவ்வளவு விட வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும் என்பது அவருடைய கைக்குத்தான் தெரியும்.

இதையெல்லாம் மாற்றியவர் ஜான் மில்லர். 1919இல் அவருக்கு ஒரு காப்புரிமை கிடைத்தது. தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சக்கரம் வைப்பது, அவ்வளவுதான் விஷயம். மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று சக்கரமும் சேர்ந்து தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டால் வண்டி எங்கேயும் பறக்காது. வண்டி பறக்காது என்று உறுதியானதும், உள்ளே இருப்பவர்களைப் பறக்கவிடலாம் என்று ஆகிவிட்டது. இன்றைக்கு உலகில் ஓடும் மிக வேகமான கோஸ்டர் வரை கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் அந்த மூன்று சக்கர ஏற்பாடுதான். ஏற்றத்தில் போகும்போது டக் டக் டக் என்று ஒரு சத்தம் கேட்குமே, அதற்குக் காரணமான பின்வாங்காப் பல்லும் அவருடைய வேலைதான். சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னால் உருளாமல் படிப்படியாக மாட்டிக்கொள்ளும் பல் அது. பலருக்கு அந்தச் சத்தம்தான் வயிற்றைக் கலக்கும். உங்களைக் காப்பாற்றும் சத்தம் என்று மகளிடம் சொல்லிவையுங்கள், பயம் பாதி போய்விடும்.

மில்லருக்குப் பிறகு வந்த இருபதுகள்தான் மரக் கோஸ்டரின் பொற்காலம். கோனி ஐலண்டில் 1927 ஜூன் 26 அன்று திறந்த சைக்ளோன் இன்னும் ஓடுகிறது. 85 அடி உயரம், முதல் இறக்கம் கிட்டத்தட்ட 60 டிகிரி. பழையது என்றால் மென்மையானது என்று நினைப்பவர்களுக்கு அதே 1927இன் இன்னொரு சைக்ளோனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கனடாவின் கிரிஸ்டல் பீச்சில் ஹாரி டிரேவர் கட்டியது. நேரான பாதை என்று பேருக்குக்கூட இல்லாமல் முறுக்கி முறுக்கி விட்டிருந்தார். மயங்கி இறங்குபவர்களைப் பார்த்துக்கொள்ள ஸ்டேஷனில் ஒரு நர்ஸை நிறுத்தியிருந்தார்கள். 1946இல் அதை மூடிவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மரக் கோஸ்டர், ஸ்டீல் கோஸ்டர் என்பது நிற்கும் தூண்களைப் பார்த்து வைத்த பெயர் இல்லை. கோனி ஐலண்ட் சைக்ளோனின் தூண்கள் இரும்பு, ஆனால் அது மரக் கோஸ்டர். நீங்கள் போகும் சீடர் பாயிண்டில் ஜெமினி என்று 1978இல் கட்டிய ஒன்று இருக்கிறது, தூண்களெல்லாம் மரம், ஆனால் அது ஸ்டீல் கோஸ்டர். கணக்கு தண்டவாளத்தில்தான். மரத் தண்டவாளம் என்றால் ஏழெட்டுப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆணியும் போல்ட்டும் அடித்து, சக்கரம் உருளும் இடத்தில் மட்டும் தட்டையான ஓர் இரும்புப் பட்டையைப் பதித்திருப்பார்கள். ஸ்டீல் என்றால் குழாய். 1959இல் டிஸ்னிலாண்டின் மேட்டர்ஹார்ன் கோஸ்டரில்தான் ஆரோ நிறுவனம் முதன்முதலில் இரும்புக் குழாயைத் தண்டவாளமாக வளைத்தது. குழாயை எப்படியும் வளைக்கலாம், பலகையை அப்படி வளைக்க முடியாது. பின்னால் வந்த அத்தனை வளையங்களும் புரட்டல்களும் அந்த ஒரு வித்தியாசத்திலிருந்து பிறந்தவை.

பலகை என்பதால் என்ன ஆகிறது? மழை பெய்தால் ஊறும், வெயிலில் சுருங்கும். காலையில் ஒரு மாதிரி ஓடும், சக்கரத்தின் கிரீஸ் சூடேறி மாலையானதும் வேறு மாதிரி ஓடும். ஒரு மரக் கோஸ்டரை இரவு ஒன்பது மணிக்கு, லேசாக மழை தூறி நின்ற பிறகு ஏறிப் பார்த்தவர்கள் மறக்கவே மாட்டார்கள். காலை பதினொரு மணிக்கு ஏறியதும் அதுவும் ஒரே வண்டி என்றால் நம்ப முடியாது. வண்டி ஓடும்போது கட்டுமானம் முழுக்க லேசாக ஆடும். அது தளர்ந்துபோய் ஆடுவதில்லை, ஆடுவதற்கென்றே கட்டியது. ஆடாமல் விறைத்து நின்றால் அந்த அதிர்ச்சி முழுவதும் மூட்டுகளில் போய் இறங்கி, மரம் விரிசல் விடும்.

இதற்கு விலை உண்டு. தினமும் காலையில் பூங்கா திறப்பதற்கு முன் ஒரு தச்சர் அந்தப் பாதை முழுக்க நடந்தே போவார். சுத்தியல், ஸ்பானர், கண், காது. ஒருமுறை விடியற்காலையில் ஒரு பூங்கா வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் எழுபதடி உயரத்தில் கைப்பிடிக் கம்பியை ஒரு கையால் பிடித்தபடி, ஒவ்வொரு பத்தடிக்கும் நின்று, குனிந்து, பட்டையின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிவிட்டு நடந்தார். ஓரிடத்தில் நின்று போல்ட்டை இரண்டு சுற்று முறுக்கினார். அப்புறம் அதே போல்ட்டைச் சுத்தியலால் தட்டி, சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். திருப்தி வந்த பிறகுதான் அடுத்த அடி வைத்தார். ஒவ்வொரு குளிர்காலத்திலும் பாதையில் ஒரு பகுதியைப் பிரித்துப் புதுப் பலகை போடுவார்கள். அதனால் 1920இல் கட்டிய கோஸ்டர் என்றால் மரமும் 1920இன் மரம் என்று எண்ணிவிட வேண்டாம். வடிவம்தான் அந்த வயது, உடம்பு இளசு.

அத்தான் சொல்வது தப்பில்லை என்றும் இங்கேதான் சொல்ல வேண்டும். இந்தப் பராமரிப்பில் கைவைத்த மரக் கோஸ்டர் மிகக் கொடுமை. பள்ளம் விழுந்த பலகை மேல் சக்கரம் குதிக்கும்போது அந்த அடி நேராக முதுகெலும்புக்கு வரும். ஒரு வண்டியில் மூன்று பெஞ்சு இருந்தால் இன்னும் மோசம். நீளமான வண்டி வளைவில் திரும்பும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டே போகும். அளவுக்கு மீறிய ஆசையும் மரத்துக்கு ஆகாது. ஓஹையோவின் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் 2000இல் சன் ஆஃப் பீஸ்ட் என்று 218 அடிக்கு, தலைகீழ் வளையத்தோடு ஒரு மரக் கோஸ்டர் கட்டினார்கள். 2006இல் கட்டுமானம் சேதமாகிப் பயணிகள் காயமடைந்தார்கள். வளையத்தை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்து, 2009இல் நிறுத்தி, 2012இல் இடித்தே விட்டார்கள். அதே பூங்காவில் 1979இன் பீஸ்ட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 7,361 அடி நீளம், நாலு நிமிடத்துக்கு மேல் காட்டுக்குள்ளேயே சுற்றும். இரவில் ஏறினால் முன்னால் இருப்பவரின் தலை மட்டும்தான் தெரியும்.

ஆனால் அத்தான் ஒரு விஷயத்தைத் தவற விடுகிறார். வயதை வைத்து முரட்டுத்தனத்தைச் சொல்ல முடியாது. என் அனுபவத்தில் உடம்புக்கு மிக மோசமானவை எழுபது எண்பதுகளில் கட்டிய ஸ்டீல் கோஸ்டர்கள்தான். பெயர் வேண்டாம், ஒரு பூங்காவில் அப்படி ஒன்றில் ஏறி, தோளுக்கு மேல் வரும் கம்பியில் இடது காது இரண்டு தடவை இடிபட்டு, மறுநாள் போனைக் காதில் வைக்க முடியவில்லை. ஏன் அப்படி என்பதற்குத் தெளிவான காரணம் இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால் 'நவீனம்' என்றால் என்ன என்பதும் புரிந்துவிடும்.

தலைகீழ் வளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1895இலேயே கோனி ஐலண்டில் ஃபிளிப் ஃபிளாப் என்று ஒன்று இருந்தது. வளையம் சரியான வட்டம். அதுதான் தப்பு. வட்டத்தின் உச்சியில் விழாமல் இருக்கத் தேவையான குறைந்தபட்ச வேகத்தோடு வந்தால்கூட, அடியில் உங்கள் எடை ஆறு மடங்காகிவிடும். பள்ளிக்கூடக் கணக்குதான், போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ ஆள் 360 கிலோ ஆவார், அதுவும் வளையத்துக்குள் நுழைந்த அதே கணத்தில். கழுத்து தாங்குமா? பின்னால் வந்த ஓரிரு முயற்சிகளோடு அந்த யோசனை பல காலம் கிடப்பில் போனது. 1976இல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுண்டன் பூங்காவில் ஆன்டன் ஷ்வார்ஸ்கோஃப் ரெவல்யூஷன் என்ற கோஸ்டரைக் கட்டியபோது, கணக்குப் போட்ட வெர்னர் ஷ்டெங்கல் என்ற ஜெர்மன் பொறியாளர் வட்டத்தைக் கைவிட்டார். கீழே விரிந்து மேலே குறுகும் கண்ணீர்த் துளி வடிவம் வைத்தார். வேகம் அதிகமான அடிப்பகுதியில் வளைவு மெல்ல ஆரம்பிக்கும், வேகம் குறைந்த உச்சியில் சட்டென்று திரும்பிவிடும். எடை ஒரே அடியாக ஏறாமல் படிப்படியாக ஏறும். ரயில்வேயில் நேர்ப்பாதையிலிருந்து வளைவுக்குப் போகும்போது வைக்கும் அதே கோடுதான் இது.

அவருடைய இன்னொரு யோசனை எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. அதுவரை பாதையை முறுக்கும்போது தண்டவாளத்தை அச்சாக வைத்து முறுக்கினார்கள். தண்டவாளம் அதே இடத்தில் இருக்கும், மேலே இருக்கும் உங்கள் தலை ஒரு பெரிய வட்டம் போட்டு வீசப்படும். என் காதுக்கு நடந்தது அதுதான். ஷ்டெங்கல் அச்சை மேலே தூக்கி, உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சில் வைத்தார். தலையில் தண்ணீர்க் குடத்தோடு நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். இடுப்பும் காலும் எப்படி அசைந்தாலும் குடம் ஒரே கோட்டில் போகும். அதுபோல நெஞ்சு ஒரே கோட்டில் போகும், தண்டவாளம்தான் அதைச் சுற்றி வளைந்து கொடுக்கும். தொண்ணூறுகளில் கணினியும், குழாயைத் துல்லியமாக வளைக்கும் இயந்திரமும் வந்த பிறகு இதுவே பொது வழக்கமானது. ஆகவே உண்மையான எல்லைக்கோடு மரத்துக்கும் இரும்புக்கும் நடுவில் இல்லை. உட்கார்ந்திருப்பவரின் உடம்பை நடுவில் வைத்துக் கணக்குப் போட்டதற்கு முன், போட்டதற்குப் பின் என்பதுதான் கோடு.

வேகத்தைப் பற்றிக் கொஞ்சமாகச் சொன்னால் போதும். உயரத்திலிருந்து விழுந்து வேகம் பெற வேண்டுமென்றால், இரண்டு மடங்கு வேகத்துக்கு நான்கு மடங்கு உயரம் வேண்டும். அது கட்டுப்படியாகாது என்பதால்தான் மின்காந்தத்தாலும் ஹைட்ராலிக் முறையிலும் வண்டியை உந்தித் தள்ள ஆரம்பித்தார்கள். அபுதாபியின் ஃபார்முலா ரோஸா மணிக்கு 240 கிலோமீட்டர் போகும், கண்ணாடி மாட்டிவிட்டுத்தான் அனுப்புவார்கள். நியூஜெர்சியில் 2005இல் வந்த கிங்டா கா 456 அடி உயரம், மூன்றரை விநாடியில் மணிக்கு 206 கிலோமீட்டர் எட்டியது. ஒரு பெரிய மேடு, ஓர் இறக்கம், கடைசியில் ஒரு சின்ன மேடு, முடிந்தது. 2025 பிப்ரவரியில் அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். இருபது வருடம்கூட முழுதாக நிற்கவில்லை. பிட்ஸ்பர்க் அருகே கென்னிவுட் பூங்காவில் ஜான் மில்லர் 1920இல் வடிவமைத்த ஜாக் ராபிட் இன்னும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் வந்துகொண்டிருக்கிறது.

சரி, உங்கள் பயணத்துக்கு வருகிறேன். நீங்கள் அதிர்ஷ்டசாலி. நான் சொன்ன வரலாற்றின் பின்பாதி முழுவதும் சீடர் பாயிண்ட் என்ற அந்த ஒரே பூங்காவில் நிற்கிறது. வரிசைப்படி ஏறினால் ஒரே நாளில் அறுபது வருடத்தையும் உடம்பாலேயே படித்துவிடலாம்.

ப்ளூ ஸ்ட்ரீக்கில் தொடங்குங்கள். 1964, மரம், 78 அடி. நேராகப் போய், திரும்பி, நேராக வரும். இடையில் மேடுகள் மட்டும்தான். கூட்டமும் குறைவு. மகளுக்கு இதுதான் முதல் கோஸ்டர் என்றால் இதைவிட நல்ல ஆரம்பம் கிடையாது, பாதை முழுவதும் கண்முன்னே தெரியும். அடுத்து கார்க்ஸ்க்ரூ, 1976. நான் குறை சொன்ன காலத்து முறுக்கல் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு தடவை போதும், தலையைப் பின்னால் நன்றாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் மேக்னம், 1989. முழுச் சுற்று வரும் கோஸ்டர்களில் 200 அடியைத் தாண்டிய முதல் கோஸ்டர் அதுதான். ஏறும்போது பக்கத்தில் ஈரி ஏரி விரிந்து கிடப்பது தெரியும். திரும்பி வரும் மேடுகள் கூர்மையானவை. இன்றைய கணினி அப்படி வரைய விடாது. ஒவ்வொன்றும் தொடையில் அறைவது போல இருக்கும். எனக்கு அது பிடிக்கும், உங்கள் அத்தானுக்குப் பிடிக்காது.

அதற்குப் பிறகு மில்லினியம் ஃபோர்ஸ், 2000. 310 அடி, மணிக்கு 150 கிலோமீட்டர். சங்கிலிக்குப் பதிலாகக் கேபிள் இழுப்பதால் அந்த டக் டக் சத்தமே இல்லாமல் கிடுகிடுவென்று மேலே போய்விடும், பயப்படக்கூட நேரம் தராது. இறக்கத்திலும் வளைவிலும் ஒரு குலுக்கல் இல்லை, வழுக்கிக்கொண்டு போகும். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு மூன்றாவது தடவைக்கு மேல் அதில் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை, ஏனென்றால் அது காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரிதான் ஓடும். மேவரிக், 2007, உயரம் 105 அடிதான். ஆனால் செங்குத்தையும் தாண்டி உள்பக்கமாக 95 டிகிரி இறங்கும். கணக்கை மட்டும் நம்பினால் போதாது என்பதற்கு அது ஒரு பாடம். கட்டி முடித்துச் சோதனை ஓட்டம் விட்டபோது ஒரு புரட்டல் உடம்புக்கு அதிகம் என்று தெரிந்தது. திறப்பு விழாவைத் தள்ளிவைத்து அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு வேறு வளைவு பொருத்தினார்கள்.

கடைசியாக ஸ்டீல் வெஞ்சன்ஸ். அதைப் பற்றித்தான் எழுத ஆசைப்பட்டேன். அதே இடத்தில் 1991 முதல் 2016 வரை மீன் ஸ்ட்ரீக் என்று ஒரு பிரம்மாண்டமான மரக் கோஸ்டர் இருந்தது. பெரியது, ஆனால் குலுக்கல் தாங்காமல் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஐடஹோவின் ராக்கி மவுண்டன் கன்ஸ்ட்ரக்‌ஷன் நிறுவனம் அந்த மரத் தூண்களில் பெரும்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே தங்களுடைய ஸ்டீல் தண்டவாளத்தைப் பொருத்தியது. 2011இல் டெக்சாஸ் ஜயண்ட் கோஸ்டரில் அவர்கள் முதலில் செய்து காட்டிய வித்தை இது. 2018இல் திறந்தபோது 205 அடி, 90 டிகிரி இறக்கம், நான்கு இடத்தில் தலைகீழ். இருக்கையை விட்டு எழும்பும் நேரம் மொத்தம் 27.2 விநாடி என்று பூங்காவே கணக்குச் சொல்கிறது.

முதல் தடவை ஏறியபோது பாதி வழியில் நான் கத்துவதை நிறுத்திவிட்டேன். அந்த மரக்காட்டுக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வருகிறது, தூண்கள் இரண்டு பக்கமும் கைக்கெட்டும் தூரத்தில் பறக்கின்றன. ஒவ்வொரு மேடும் ஒவ்வொரு மாதிரி. ஒன்று நேராகத் தூக்குகிறது, அடுத்தது இடது பக்கமாகச் சாய்த்துத் தூக்குகிறது, அதற்கடுத்தது வெளிப்பக்கமாகச் சரிந்து உங்களை வெளியே கொட்டப் பார்க்கிறது. கம்பி தொடையை இறுக்கிப் பிடித்திருக்கிறது, பீனிக்ஸில் இருந்த அந்தக் கையகல இடைவெளி இங்கே கிடையாது. ஆனாலும் பழைய மரக் கோஸ்டரின் அதே குணம். நூறு வருடத்துக்கு முன் மில்லர் இடைவெளியால் செய்ததை இவர்கள் வடிவத்தால் செய்திருக்கிறார்கள். காலையில் ப்ளூ ஸ்ட்ரீக்கில் ஏறியிருந்தால்தான் இது உங்களுக்குத் தெரியும். நேராக ஸ்டீல் வெஞ்சன்ஸுக்குப் போனால் வேகமும் உயரமும் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். பழையதில் முதலில் ஏறுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

பாதுகாப்பைப் பற்றி. பாதையைப் பல கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தில் ஒரு வண்டிக்கு மேல் விடக் கூடாது என்பதுதான் அடிப்படை விதி. ரயில்வே சிக்னல் மாதிரி. பழையதில் இதை ஆட்களும் கைப்பிடி லீவரும் பார்த்துக்கொண்டார்கள், இப்போது உணரிகளும் கணினியும் பார்க்கின்றன. பழைய கோஸ்டர்கள் பலவற்றிலும் இவற்றைப் பின்னால் பொருத்தியிருக்கிறார்கள். புதியதில் உண்மையான முன்னேற்றம் என்று நான் சொல்வது காந்த பிரேக். வண்டியின் உலோகத் தகடு காந்தங்களுக்கு நடுவே போகும்போது வேகம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு எதிர்ப்பு தானாக வரும். மின்சாரம் போனாலும் பிடிக்கும், மழையிலும் பிடிக்கும், தேய்வதற்கு எதுவும் இல்லை. அதே சமயம், புதியது என்றால் ஒன்றும் ஆகாது என்பதும் இல்லை. வட கரோலினாவில் 2015இல் திறந்த ஃபியூரி 325இன் ஒரு தூணில் 2023இல் விரிசல் கண்டது. அதைக் கவனித்துச் சொன்னவர் பூங்காவுக்கு வந்த ஒரு பார்வையாளர். உடனே மூடி, தூணை மாற்றி, சோதித்துப் பிறகுதான் திறந்தார்கள். மரமோ இரும்போ, தினமும் காலையில் ஒரு மனிதர் பார்க்க வேண்டியிருக்கிறது.

உங்களுக்கு முதுகுத் தொந்தரவு ஏற்கெனவே இருந்தால் மரக் கோஸ்டரில் நடு வரிசையில் உட்காருங்கள். நடு வரிசை என்பது ரயில் முழுவதின் நடு மட்டும் அல்ல, ஒரு வண்டியிலேயே சக்கரத்துக்கு நேர் மேலே இல்லாத பெஞ்சு. குலுக்கலில் பாதி குறைந்துவிடும். முதுகை விறைப்பாக வைக்காமல் கொஞ்சம் தளர்த்தி, பாதத்தைத் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். முன்னால் இருந்தால் காட்சி கிடைக்கும், பின்னால் இருந்தால் ஏர்டைம் கிடைக்கும். பின்பெட்டி உச்சிக்கு வரும் நேரத்தில் முன்பெட்டிகள் ஏற்கெனவே இறங்கி வேகம் எடுத்துவிடும், அதனால் கடைசி வரிசை மேட்டின் மேல் இழுத்து எறியப்படும். டவுன் பஸ் கடைசி சீட் மாதிரியே. மகளின் உயரத்தை முன்னாடியே அளந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கோஸ்டருக்கும் ஓர் அளவு உண்டு, வாசலிலேயே கோல் வைத்துப் பார்ப்பார்கள், ஒரு விரல் குறைந்தாலும் விடமாட்டார்கள்.

இன்னொரு நாள் கையில் இருந்தால், காரில் இரண்டரை மணி நேரம் தென்கிழக்கே ஓட்டி கென்னிவுட் போய்விட்டு வாருங்கள், அத்தானையும் விடாமல் அழைத்துப் போங்கள். ஜாக் ராபிட் அங்கே ஒரு பள்ளத்தாக்கின் சரிவிலேயே கட்டப்பட்டிருக்கிறது. அதனால் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியதும் முதலில் பள்ளத்துக்குள் இறங்கும், ஏற்றம் பிறகுதான் வரும். அந்த ஏற்றத்துக்கு அப்புறம் வரும் 70 அடி இறக்கம் ஒரே இறக்கம் இல்லை. பாதி வழியில் ஒரு கணம் சமதளமாகி, மறுபடி விழும். அந்த இரண்டாவது விழுதலில் கடைசி வரிசையில் இருப்பவர்கள் பெஞ்சில் இருக்க மாட்டார்கள். கடைசி வரிசைக்குத் தனி வரிசை நிற்கும், எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதில் நில்லுங்கள். மகளை அத்தானுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அத்தானிடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துப் பித்தானைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.